எத்தனை நேரம் சாப்பிட வேணும்?

"அண்ணை, ஒரு நாளைக்கு ஆறு நேரம் சாப்பிட்டாத்தான் உடம்பு ஏறுமாமே?"

யாழ்ப்பாணத்து ஜிம்களில் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்களின் காதில் ஓயாமல் விழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மெலிந்த பொடியன். வண்டி குறைக்க வந்த நாற்பது வயதுக்காரர் இதையே மற்றப் பக்கத்தால் கேட்பார்: "தம்பி, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிட்டா கொழுப்பு எரியுமாம், உண்மையோ?" உடம்பு ஏறவும் அதே வழி, இறங்கவும் அதே வழி என்றால் எங்கோ கணக்குப் பிழைக்கிறது என்று இருவருக்கும் தோன்றுவதில்லை.

இருவருக்கும் சொல்லும் முதல் வேலை ஒன்றுதான். ஒரு கொப்பியில் ஒரு கிழமைக்கு வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்வோம். 70 கிலோ நிறையுள்ள ஒருவரின் கொப்பி பொதுவாக இப்படி இருக்கும். காலமை ஏழு இடியப்பம், சொதி, சம்பல். பத்து மணிக்குப் பால்தேத்தண்ணி, இரண்டு வடை. மத்தியானம் சோறு, மீன்குழம்பு, பருப்பு, ஒரு கீரை. நாலு மணிக்குத் தேத்தண்ணி, ஒரு றோல்ஸ். இரவு புட்டும் மத்தியானத்து மிச்சக் குழம்பும். எண்ணிப் பார்த்தால் ஏற்கெனவே ஐந்து நேரம். அப்படியிருந்தும் உடம்பு ஏறவில்லை என்றால் குறை எண்ணிக்கையில் இல்லை.

குறை எங்கே என்று கொப்பியே காட்டும். 100 கிராம் அரிசிமாவில் 7 கிராம் அளவுதான் புரதம். இடியப்பம் முழுக்க அதுதான். சொதியும் சம்பலும் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. ஆக, காலமைச் சாப்பாட்டில் 8 கிராம். மத்தியானம் ஒரு நல்ல துண்டு பாரையோ சூரையோ இருந்தால் அங்கே மட்டும் 40 கிராம் வரும். இரவுக் குழம்பில் மீன் முடிந்து சாறுதான் மிஞ்சியிருக்கும். முழு நாளும் சேர்த்தால் 65, 70 கிராமைத் தாண்டாது. பாரம் தூக்குபவருக்கு நாளொன்றுக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் தேவை. 70 கிலோவுக்கு அது 112 கிராம். நம் சாப்பாட்டு முறையில் புரதம் ஒரே நேரத்தில், மத்தியானத்தில், குவிந்து கிடக்கிறது. ஆறு நேரமாக்கும் யோசனை இந்தக் குவியலைத் தொடுவதே இல்லை. இன்னொரு தேத்தண்ணியையும் இன்னொரு வடையையும்தான் கூட்டிவிடும்.

"அடிக்கடி சாப்பிட்டால் அடுப்பு அணையாமல் எரியும்" என்ற கதையை ஒரு பெருக்கலிலேயே முடித்துவிடலாம். சாப்பாட்டைச் செரிக்க உடம்பு செலவழிக்கும் சக்தி, உண்ட கலோரியில் சராசரியாகப் பத்து வீதம். 2400 கலோரியை மூன்றாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு 800, செரிக்க 80, மும்மடங்கு 240. ஆறாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு 400, செரிக்க 40, ஆறுமடங்கு அதே 240. கூடுவது சாப்பாட்டின் வகையால்தான். புரதத்தைச் செரிக்க அதன் கலோரியில் 20 முதல் 30 வீதம் செலவாகும்; மாச்சத்துக்கு 5 முதல் 10; கொழுப்புக்கு 3 வீதத்துக்கு உள்ளே.

அப்படியானால் நேரங்களின் எண்ணிக்கைக்கு ஒரு மதிப்புமே இல்லையா? கொஞ்சம் உண்டு. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், கால் பயிற்சி செய்த ஆண்களுக்கு 12 மணித்தியாலத்துக்குள் 80 கிராம் வே புரதத்தை (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பவுடர்) மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: 10 கிராம் வீதம் எட்டுத் தரம், 20 கிராம் வீதம் நாலு தரம், 40 கிராம் வீதம் இரண்டு தரம். தசைப் புரதம் கூடுதலாக உருவானது நடுவிலுள்ள நாலு தரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக எட்டுத் தரம் கொடுத்தது தோற்றது என்பதைத்தான் ஆறு நேரக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் தசையைத் தட்டி எழுப்பும் அளவுக்காவது இருக்க வேண்டும். ஒரு கிலோ உடல்நிறைக்கு 0.4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ என்றால் 28 கிராம். நாலு வேளையில் 112 வந்துவிடும்.

ஆனால் இதைக் கல்லில் எழுதிவிடக் கூடாது. அந்த ஆய்வு அளந்தது ஒரு பகல்பொழுதை. மாதக்கணக்கில் வளர்ந்த தசையை அல்ல. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரே தடவையில் 100 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தது. உடம்பு அதை வீணாக்கவில்லை. 12 மணித்தியாலத்துக்கு மேலாக மெல்ல மெல்லப் பயன்படுத்தியது. "ஒரு நேரத்தில் 30 கிராமுக்கு மேல் ஏறாது" என்று பவுடர் விற்பவர்கள் சொல்வதை இனி நம்பத் தேவையில்லை. எங்கள் கணிப்பில், முழு நாளின் மொத்தம் சரியாக இருந்தால் பெரும்பங்கு வேலை முடிந்தது. மூன்றா நாலா ஐந்தா என்பது அதன்மேல் வரும் சின்னத் திருத்தம். அதை உங்கள் வேலைநேரமும் வயிறும் தீர்மானிக்கட்டும்.

திருத்தம் எப்படிச் செய்வது? மேலே சொன்ன அதே கொப்பியில் வீட்டுச் சமையலை மாற்றாமலே செய்யலாம். காலமை இடியப்பத்தோடு மூன்று அவித்த முட்டையும் கொஞ்சம் பருப்பும் சேர்த்தால் 28 கிராம். மத்தியானம் இருப்பதே போதும், மீன் மட்டும் பச்சையாக நிறுத்து 150 கிராம் இருக்க வேண்டும். பின்னேரம் வடைக்குப் பதிலாக அவித்த கடலை (காய்ந்ததாக 50 கிராம் அளந்தது), ஒரு பெரிய கப் பால்: 18. இரவுப் புட்டுக்கு 100 கிராம் கோழியோ மீனோ தனியாக எடுத்துவைத்தால் 27. மொத்தம் 113. வழக்கமாகப் பிழைக்கும் இடம் இரவுதான். மத்தியானம் சட்டியில் கிடக்கும் மீனை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடித்துவிடுவார்கள். சமைத்தவுடனே இரவுக்குரிய துண்டுகளை ஒரு கிண்ணத்தில் பிரித்துவைக்கும்படி அம்மாவிடம் சொல்வதுதான் வழி. இன்னொரு பிழை, பச்சை நிறையையும் சமைத்த நிறையையும் குழப்புவது. 100 கிராம் பச்சைக் கோழி நெஞ்சிறைச்சியில் 22 கிராம் அளவு புரதம். அதே இறைச்சி வெந்து நீர் வற்றினால் 70, 75 கிராமாகச் சுருங்கும், புரதம் அப்படியே இருக்கும். வெந்ததை நிறுத்துவிட்டுப் பச்சைக் கணக்கைப் போட்டால் முழு நாளும் பிழைக்கும்.

எண்ணிக்கை உண்மையில் வித்தியாசம் காட்டுவது பசியில். மெலிந்த பொடியனுக்கு 3000 கலோரி வேண்டுமென்றால் மூன்று நேரத்தில் அதை அடைவது பெரும்பாடு. மூன்றாவது கோப்பை சோற்றில் கை நின்றுவிடும். அவருக்கு ஐந்து நேரம் நல்லது. அதில் ஒன்று குடிக்கும் சாப்பாடாக இருந்தால் இன்னும் நல்லது: 300 மில்லிலீற்றர் பால், இரண்டு கப்பல் வாழைப்பழம், ஒரு பிடி வறுத்த கச்சான். அடித்துக் குடித்தால் 500 கலோரியைத் தாண்டும், வயிறும் அடைக்காது. வண்டி குறைக்க வந்தவருக்கு இதற்கு நேரெதிர். 1800 கலோரியை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் பசி தீராமலே எழும்ப வேண்டிவரும். ஆறு தரம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருவது ஆறு தரம் சோதனை. மூன்று நிறைவான சாப்பாடு அவருக்குப் பொருந்தும். தேத்தண்ணிச் சீனியையும் அவர் எண்ண வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 150 முதல் 200 கலோரி, பாலைச் சேர்க்காமலே.

பயிற்சி நேரத்தைச் சுற்றி ஒரே ஒரு ஒழுங்கு போதும். கந்தோர் முடிந்து ஐந்து மணிக்கு ஜிம்முக்கு வருபவர் கடைசியாகச் சாப்பிட்டது பன்னிரண்டரைக்கு. நாலரை மணித்தியாலம் கழித்து ஸ்குவாட் (தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் பயிற்சி) கம்பியின் கீழே நிற்கும்போது தலை சுற்றுவதாகச் சொன்னால் வியப்பில்லை. நாலு மணிக்கு ஒரு இதரைப்பழமும் கொஞ்சம் கடலையும் போதும். முழுச் சாப்பாடு என்றால் இரண்டு, மூன்று மணித்தியால இடைவெளி வேண்டும். தேங்காய்ப்பால் கூடிய கறிகள் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் போகும், டெட்லிப்டில் (நிலத்திலிருந்து பாரம் தூக்கும் பயிற்சி) குனியும்போது நெஞ்சுக்கு ஏறிவரும். பள்ளிக்கூடம் விட்டு ரியூசன், ரியூசன் விட்டு ஜிம் என்று ஓடும் மாணவர்களுக்குத்தான் இடைவெளி மிக மோசம். பையில் இரண்டு அவித்த முட்டை வைத்துக்கொள் என்று சொன்னால் சிரிப்பார்கள், ரியூசனில் மணக்குமாம். கச்சான் மணக்காது. பயிற்சி முடிந்து அரைமணிக்குள் புரதம் போகாவிட்டால் எல்லாம் வீண் என்ற பயமும் தேவையில்லை. முன்னர் சாப்பிட்டிருந்தால் வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சாப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கும் பழக்கம் இங்கே அப்படியே சரிவராது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் சமைத்த உணவை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்குமென்று சொல்லத் தேவையில்லை. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வேலையிடத்தில் பிரிட்ஜ் இல்லாதவர் ஐந்து பெட்டி சுமப்பதைவிட, கெடாத பொருட்களை வைத்திருப்பது புத்தி: கச்சான், பால்மா.

பல்லையும் மறக்கக்கூடாது. சீனியோ மாப்பொருளோ வாய்க்குள் போகும் ஒவ்வொரு தரமும் அரைமணி நேரமளவில் பல்லில் அமிலம் ஏறியிருக்கும். நாள் முழுக்க இனிப்புப் பானம் உறிஞ்சிக்கொண்டிருப்பவருக்குப் பல் ஆறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் தன்பாட்டில் ஒரு நேரத்தை வெட்டினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நேரத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ அவருக்கு ஜிம்மில் முடிவெடுக்கும் விடயம் அல்ல. கிளினிக்கில் கேட்டுவிட்டு வரவேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவரின் புரத அளவும் அப்படித்தான்.

இனி விரதங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை, முட்டையும் மச்சக் கணக்குத்தான். காய்ந்த நிறையில் 50 கிராம் சோயா மீற் 25 கிராம் புரதம் தரும். 50 கிராம் பயறு 12. ஒரு பெரிய கப் பால் 8. இவற்றை ஒரு தரத்தோடு நிறுத்தாமல் நாலு நேரத்துக்கும் பரவினால், சோறு, பருப்பில் வருவதோடு சேர்த்து 110ஐத் தொடலாம். கொடியேறிய அன்றே பயறையும் கடலையையும் இரட்டிப்பாக்கினால் வாய்வு வந்து பயிற்சியே கெடும். இரண்டு கிழமை முன்னரே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அவிக்க வேண்டும்.

கந்தசஷ்டியில் ஆறு நாளும் ஒருநேரம் மட்டும் சாப்பிடுபவர்களைப் பட்டினியால் தசை கரையும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. பாரத்தை அப்படியே வைத்துச் செட் (இளைப்பாறாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) எண்ணிக்கையைப் பாதியாக்கினால் போதும். அந்த ஒருநேரச் சாப்பாட்டில் சோயாவும் பருப்பும் தயிரும் கூடுதலாக இருக்கட்டும். இரவில் பாலும் பழமும் எடுக்கும் வழக்கம் இருந்தால் அதுவும் ஒரு கை. தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருப்பவர் அந்த நாட்களில் கம்பியைத் தொடாமல் நடந்தால் போதும். பாறணைச் சாப்பாடு முடிந்த கையோடு பழைய பாரத்தில் ஏறாமல், ஒரு நாள் விட்டு அரைவாசிச் செட்டில் தொடங்கலாம்.