அப்பாவின் காரில் கேட்ட மூன்று சத்தங்கள்

அப்பாவின் மோரிஸ் மைனர் 1959 மாடல், 948 சிசி. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு 22 வருடம் ஷெட்டிலேயே நின்றது. போன மாதம் அதை உயிர்ப்பித்தேன். ஓடியது, ஆனால் ஏகப்பட்ட சத்தத்தோடு. ஒருவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பிக் எண்ட் பேரிங் போயிடுச்சும்மா, இன்ஜினை இறக்கிடுங்க" என்றார். பிஸ்டனின் கம்பி, இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பேரிங் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓடும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. நிறுத்தி வைத்ததால் கெட்டது எது, அதற்கு முன்பே தேய்ந்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் இறக்குவது அநியாயம் என்று தோன்றியது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேங்கில் பிசினாகிக் கிடந்த பழைய பெட்ரோலை எடுத்தேன். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். பிறகு முன்பக்கம் செருகி இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றினேன். சுற்றியது. புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் பிளக்கை மாட்டினேன். இதில் மட்டும் அவசரம் கூடாது. வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் பேரிங்கின் மேலிருந்த ஆயில் எப்போதோ வடிந்து போயிருக்கும். காய்ந்த பேரிங்கோடு ஓடவிட்டால், இல்லாத நோயை நாமே வரவழைத்தது போல ஆகிவிடும்.

இனி சத்தங்கள். முதலாவது, சாவியைத் திருப்பியதுமே வந்த டிக் டிக். இன்ஜின் சுற்றவே இல்லை, அதற்குள் சத்தம்! அது எஸ்யூ மின்சார பெட்ரோல் பம்ப். கார்ப்புரேட்டர் நிரம்பியதும் தானாக நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது காற்று இழுக்கிறது. என் வண்டியில் நின்றுவிட்டது. சரி, ஒன்று கழிந்தது.

இரண்டாவதுதான் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டது. ஐட்லிங்கில் மேலிருந்து ஒரு கூர்மையான டக்டக், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதே வேகத்தில் கூடும். இந்த மாதிரிச் சத்தத்தின் தாளத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது ஒரு முறைதான் சுற்றும். ஆகவே வால்வு சம்பந்தப்பட்ட சத்தம் கிராங்கின் பாதி வேகத்தில் வரும். பிக் எண்ட், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் இவை தட்டுவது பெரும்பாலும் கிராங்கின் வேகத்திலேயே இருக்கும். அந்த வேகத்தைக் காதால் எண்ண முடியாது. அதனால் பிளக்கில் பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை ஒன்றாம் பிளக் ஒயரில் மாட்டினேன். அது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் சரியாக ஒரு டக். அந்த நிமிடமே பேரிங் பயம் பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் பாடியில் தொடவைத்துப் பார்த்தேன். பிக் எண்ட் என்றால், அந்த சிலிண்டர் எரியாதபோது அதன் மேல் அழுத்தம் குறைந்து தட்டல் அடங்கும். எதிலும் அடங்கவில்லை. இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, இரண்டு, நாலு இவற்றில் எதைக் கழற்றினாலும் இன்ஜின் தளர்ந்து குலுங்கியது. மூன்றைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் இருந்திருக்கிறது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். நடுவில்தான் சத்தம் அதிகம். கவரைக் கழற்றிவிட்டு ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றியபோது விஷயம் கண்ணெதிரே தெரிந்தது. முன்பக்கமிருந்து ஐந்தாவது வால்வு, அதாவது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, கீழே போனது. திரும்பி வருவதற்கு மனசே இல்லாதது போலப் பாதியிலேயே நின்றது. வால்வை அழுத்தும் ராக்கர் எழும்பிவிட்டது, இடையில் பெரிய இடைவெளி. டக்கென்ற சத்தம் அந்த இடைவெளியிலிருந்துதான்.

இந்த இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ராக்கரை ஓரமாக ஒதுக்கி, அதைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ்ராடை மேலே உருவினேன். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், வளையவில்லை. வால்வுத் தண்டில் துருவிளக்கி எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டி, அது தானே மேலே வரும்வரை இரண்டு மாலை உட்கார்ந்திருந்தேன். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்கவில்லை. கடைசியில் ஸ்பிரிங் அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் டேப்பட் இடைவெளியை செட் செய்தேன்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். எட்டு வால்வு என்பதால், திறந்திருக்கும் வால்வின் எண்ணும் சரிசெய்யும் வால்வின் எண்ணும் சேர்ந்து ஒன்பது வரும்படி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. நாலாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஐந்தாவதைச் சரிசெய்யலாம், இப்படியே மற்றவையும்.

மூன்றாவது ஒரு கரகரப்பு, முன்பக்கம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கரகரப்பு போயே போச்சு. பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டவில்லை. கையால் சுற்றிப் பார்த்ததில் குற்றவாளி டைனமோ, முன் பேரிங்கில் கிரீஸ் கல்லாகக் காய்ந்திருந்தது. பேரிங்கை மாற்றி, பின்பக்கத் துளையில் நாலு சொட்டு ஆயிலும் விட்டேன்.

ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். கறுப்பு அழுக்குதான் நிறைய, மினுமினுக்கும் உலோகத் தூள் இல்லை. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மெல்லிய தடதடப்பு மட்டும் கேட்கிறது, சூடேறியதும் மறைந்துவிடுகிறது. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது அது. ஓடி ஓடித் தேய்ந்த தேய்மானம். அப்பா ஓட்டிய நாளிலும் அந்தச் சத்தம் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.