லானோ பண்ணையில் பன்றி வேட்டை: ஆறு பேர், ஐந்து பரண்

போன வருடம் இரண்டே பேர் போனோம். இந்த முறை ஆறு பேர். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடமேற்கே லானோ பக்கம் ஒரு தனியார் பண்ணை. மான் சீசன் முடிந்து கூட்டம் குறையட்டும் என்று பிப்ரவரிவரை காத்திருந்தோம். ஆள் கூடினால் ஆபத்தும் கூடும், அதனால் ஆறு வாரத் தயாரிப்பில் பெரும்பகுதி எந்தப் பக்கம் சுடக்கூடாது என்று முடிவு செய்வதிலேயே போனது.

முதலில் சட்டம். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல், நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவிலும் சுடலாம். இதைப் படித்ததுமே கிளம்பிவிடாதீர்கள். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. அதாவது, பன்றிக்காக லைசென்ஸ் வேண்டாம், துப்பாக்கியைத் தொடுவதற்கு வேண்டும். எங்களில் இருவர் ஹெச்-1பி. இருவரும் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை ஆன்லைனில் முடித்து, 25 டாலர் லைசென்ஸை வாங்கிக் காட்டிய பிறகுதான் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சுக்கே கூட்டிப்போனேன். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ரேஞ்சில் மூன்று ஞாயிறு. 308 ரைபிளை 100 கஜத்துக்கு ஜீரோ செய்து (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்து), கடைசி வாரம் ஐந்து குண்டும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. மான் சுட்டுப் பழகியவர்கள் பன்றியில் தவறுவது குறி வைக்கும் இடத்தில்தான். பன்றிக்கு இதயம் இன்னும் கீழே, முன்னங்கால் சப்பைக்கு நடுவில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் பட்டால் வயிறுதான். அடிபட்ட பன்றி புதருக்குள் போய்விடும், தேடுகிறவனுக்கும் ஆபத்து, அதற்கும் வேதனை.

வேட்டைக்கு முந்தின வாரம் பண்ணையை நடந்தே பார்த்தோம். மேய்ச்சல் புல்லை ஏர் ஓட்டினதுபோலக் கிளறிப் போட்டிருந்தன. தாத்தா ஊரில் நிலக்கடலைக் காட்டில் பரண் கட்டி, விடிய விடியத் தகரம் தட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே காட்டுப்பன்றி அந்த மண்ணின் விலங்கு, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. இங்கே ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றியும், 1930களில் வேட்டைக்காகவே இறக்கிவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்து பெருகிய இனம். இரண்டு ஊர் சட்டமும் இப்படி எதிரெதிராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு பரணிலும் உட்கார்ந்து பார்த்து, இடமும் வலமும் ஒரு கம்பு நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டினோம். அந்த இரண்டு கம்புக்கு நடுவில்தான் சுடலாம். குண்டு போய் விழும் இடம் மண்ணாக இருக்க வேண்டும், வானமாக இருக்கக்கூடாது. ஆறாவது பரணின் பின்னணியில் பண்ணைச் சாலை தெரிந்தது. அதை விட்டுவிட்டு, லைசென்ஸ் வாங்கிய இருவரையும் ஒரே பரணில், ஒரே துப்பாக்கியோடு உட்காரவைத்தோம்.

அன்று மாலை பண்ணைக்காரர் தன் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் வரைபடத்தை விரித்து ஒவ்வொருவரிடமும் விதிகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கியின் சேம்பர், அதாவது குண்டு ஏறி நிற்கும் அறை, காலியாக இருக்க வேண்டும். பன்றி விழுந்தாலும் ஓடினாலும் வாக்கி டாக்கியில் அவர் சொல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பில் வெள்ளையாகத் தெரிவது கன்றுக்குட்டியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம், உருவம் தெரியாமல் விரல் ட்ரிகருக்குப் போகக்கூடாது. தனியார் நிலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயமில்லை, இருந்தும் எல்லோரும் போட்டோம். இரவுவரை நீளும் என்பதால் வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரியான கேம் வார்டனுக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தார்.

சூரியன் சாயும் நேரம். பெரிய ஆண்பன்றி ஒன்று, காய்ந்த சேறு அப்பிய முதுகோடு வந்து, என் வலது கம்பைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்றது. காதை ஆட்டுவதுகூடத் தெரிந்தது. அந்தத் திசையில் மூன்றாம் பரண், அதில் தம்பி. வாக்கி டாக்கியில் மெதுவாகச் சொன்னேன்: "வலது கம்புக்கு வெளியே நிக்குது." தம்பியின் குரல் வந்தது: "விட்டுடுங்கண்ணா, இந்தப் பக்கம் வரட்டும்." வந்தது. இரண்டு நிமிடம் கழித்து மூன்றாம் பரணிலிருந்து ஒரே வெடி.

உரித்தபோது சப்பைமேல் கவசம்போல இருந்த தடித்த தோலை அழுத்திப் பார்த்தேன், டயர் ரப்பர் மாதிரி இருந்தது. பன்றிகளிடம் உள்ள புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் ரத்தத்தின் வழியாக மனிதருக்குத் தொற்றும் என்பதால் எல்லோருக்கும் கையுறை. என்னுடையது மெல்லியது, விலா எலும்பு பட்டுக் கிழிந்தது. தோலில் கீறல் இல்லை, உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுத்த முறை இரட்டைக் கையுறை, மேலே தடித்தது. பச்சைக் கறியை நாய்க்குப் போட வேண்டாம், சூடோரேபிஸ் என்ற பன்றி வைரஸ் நோய் வந்தால் நாய் பிழைக்காது. நாம் சாப்பிடுவதற்கும் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக வேண்டும்.

தொடை இரண்டும் இப்போது ஃப்ரீஸரில். மார்ச்சில் மறுபடி போகிறோம். அதற்குள் ஆறாவது பரணைப் பாறைச் சரிவைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும்.