மின்விசிறிச் சத்தம்

"நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னு தெரியும் பாஸ்டர். ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார் அந்த அம்மா. "அப்படியா, நான் கவனிக்கலையே" என்றேன். கவனித்திருந்தேன். கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அங்கியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவியபடி, நாற்காலி கிரீச்சிட்டுவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது அங்கி மாற்றும் அறையில், பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்வது என் வழக்கம். பிரசங்கம் எனக்குப் பாரமில்லை. எழுதி வைத்ததை எத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவேன். அப்புறம் வாசலில் நின்று கைகுலுக்குவதுதான் உயிரை வாங்கும். நாற்பதாவது ஆள் வரும்போது என் முகத்துச் சிரிப்பு யாருடையதோ போலிருக்கும். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மதியம் யார் வீட்டுக்கும் போய் ஜெபிக்க என்னால் முடியாது. இது சாக்கு இல்லை. ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் சாக்கு போலத்தான் கேட்கிறது.

மாற்கு 1:35-ஐ வைத்து ஒரு முழுப் பிரசங்கமே செய்திருக்கிறேன். இயேசு இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடத்துக்குத் தனியே போய் ஜெபித்தார். அடுத்து சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். இதுவரை என் கட்சிக்குச் சாதகம். ஆனால், தேடி வந்தவர்களுக்கு அவர் பதில் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கவில்லை.

துக்க வீட்டில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் அதிகம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்பதால். அதே அமைதிதானே இதுவும் என்று நினைக்கப் பார்க்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவிடம், அன்று என்ன விஷயமாக வந்தார் என்று கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சு பாஸ்டர், விடுங்க" என்றார்.

இப்போது கதவை ஒருக்களித்து வைக்கிறேன். அதனால் யாரும் தட்டுவதில்லை. எட்டிப் பார்ப்பார்கள். நான் கண்மூடி இருந்தால், ஜெபத்தில் இருக்கிறார் என்று சத்தமில்லாமல் போய்விடுவார்கள். சில ஞாயிறுகளில், காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுகிறேன்.