எண்ணெய்த் தலையும் மூளை அலையும்

மூளையின் மின் அலைகளைத் தலைத்தோலிலிருந்து பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. டெஸ்ட்டுக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போதே, “முந்தின நாள் ராத்திரி ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிங்க, எண்ணெய் வைக்காதீங்க” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். குளிப்பது எல்லோருக்கும் நினைவில் நிற்கும். எண்ணெய் விஷயம்தான் வீட்டுக்குப் போவதற்குள் காற்றில் போய்விடும். மறுநாள் காலையில் “கொஞ்சூண்டுதான்” தடவி, படிய வாரி, பூவும் வைத்து வந்து உட்காருவார்கள். டெக்னீஷியன் முகம் சுருங்குவதைப் பார்த்தால் ஏதோ சுத்தம் பற்றிய கெடுபிடி என்று தோன்றும். அது இல்லை. அந்த எண்ணெய்ப் படலம் ஏன் இவ்வளவு தொல்லை என்று விளக்கப்போனால், மூளை மின்சாரம் உண்டாக்கும் விதத்தையும் சேர்த்தே சொல்லவேண்டி வரும்.

தலைத்தோலில் கிடைக்கும் சிக்னல் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை முப்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட் வரும். ஈ.சி.ஜி.யில் தெரியும் இதயத் துடிப்பு ஒரு மில்லிவோல்ட் அளவு. அதற்குப் பக்கத்தில் மூளையின் குரல் முணுமுணுப்பு.

இந்த முணுமுணுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் படித்தவர்களுக்கே ஒரு குழப்பம் உண்டு. நியூரான் என்ற நரம்பு செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னாக இருக்கும். அது தூண்டப்படும்போது, ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் துள்ளி, ஒரு மில்லிசெகண்டில் அடங்கிவிடும். ஈ.ஈ.ஜி.யில் வருவது இந்தத் துள்ளல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது அவ்வளவு குறுகியது என்பதால், பக்கத்து செல்லின் துள்ளலோடு ஒன்றுசேர நேரமே கிடைப்பதில்லை. நமக்குக் கிடைப்பது வேறொன்று. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி கைமாறும் சினாப்ஸில், வாங்கிக்கொள்ளும் செல்லின் மின்னழுத்தம் மெதுவாக ஏறி இறங்கும். அது பத்து, இருபது மில்லிசெகண்ட், சில சமயம் அதற்கும் மேல் நீடிக்கும். நீடிப்பதால் கூட்டிக்கொள்ள முடியும்.

கூட்டிக்கொள்வதற்கும் ஒரு அமைப்பு வேண்டும். பெருமூளையின் மேலுறையான புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். அதில் பிரமிட் செல்கள் நடவு நட்ட வயல் மாதிரி ஒரே திசையில், மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் மேல்முனை, கீழ்முனை உள்ள ஒரு குட்டி பேட்டரி. மயிலாப்பூர்த் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுத்தால் தேர் அசையாது. ஆயிரம் பேர் அவரவருக்குத் தோன்றிய நேரத்தில் இழுத்தாலும் அசையாது. ஒரே மூச்சில் ஒரே பக்கம் இழுத்தால்தான் நகரும். அப்படிக் குறைந்தது 6 சதுர சென்டிமீட்டர் புறணி, பல சமயம் 10க்கும் மேல், ஒன்றாக இழுத்தால்தான் மண்டையோட்டையும் தாண்டி ஒரு அலை நம் கைக்கு வரும். மூளை மடிப்பின் இரண்டு சுவர்களில் எதிரும் புதிருமாக நிற்கும் செல்கள் ஒரே நேரத்தில் இழுத்தால், வடத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த கதைதான். தோலில் எதுவும் தெரியாது.

ஆகவே ஈ.ஈ.ஜி. காட்டுவது மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல, செல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை. கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது பின்மண்டையில் ஒரு செகண்டுக்கு 8 முதல் 13 அலைகள் சீராக வரும். இதுதான் ஆல்பா. கண்ணைத் திறந்த மறுகணம் அது மங்கிவிடும். பார்வைப் பகுதிக்கு வேலை வந்துவிட்டது, செல்கள் ஆளுக்கொரு காரியம் பார்க்கக் கிளம்பிவிட்டன, கூட்டுத்தொகை சின்னதாகிவிட்டது. ஆழ்ந்த தூக்கத்தில் அலைகள் மெதுவாகவும் மிகப் பெரிதாகவும் வரும். வலிப்பின்போது அதைவிடப் பெரிதாகவும் வரலாம். பெரிய அலை என்றால் கெட்டிக்கார மூளை என்று அர்த்தமே இல்லை.

இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால், ஆல்பா அலையைக் கூட்டி மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் ‘ஆல்பா மைண்ட்’ வகுப்புகளுக்குக் கட்டும் பணம் மிச்சம். ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று கண்ணைக் கட்டிக் குழந்தையைப் படிக்கவைத்தார்களே, அது இன்னும் மோசம். நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதியில், அடி ஆழத்தில், சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் பகுதி. கண் அசைவு, கண்மணி சுருங்குவது போன்ற வேலைகளை அது பிறந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. தனியாக முடுக்கிவிட அங்கே எதுவும் அணைந்து கிடக்கவில்லை. குழந்தை படிப்பது மூக்கின் ஓரத்து இடைவெளி வழியாக.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்ற கணக்கு 2009இல் வந்தது. மூளையைக் கரைசலாக்கி, செல் கருக்களை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். அதில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்; பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். சிறுமூளையில் இருக்கும் அந்தப் பெரும்பான்மையின் குரல் ஈ.ஈ.ஜி.யில் கிட்டத்தட்ட கேட்பதே இல்லை. தலையில் 21 இடங்களில், சிக்னலைப் பிடிக்கும் உலோக மின்முனைகளை வைத்துவிட்டு மூளை முழுவதையும் பார்த்துவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது.

அந்த 21 இடமும் குத்துமதிப்பு அல்ல. 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 10-20 முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவே, மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சு வரை டேப் வைத்து அளக்கவேண்டும். 36 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து 10 சதவீதம், அதாவது 3.6 சென்டிமீட்டரில் முதல் குறி. பிறகு 20 சதவீதம், 7.2 சென்டிமீட்டருக்கு ஒரு குறி. உச்சந்தலை சரியாக 18இல். இதேபோலக் காதுக்குக் காது, பிறகு தலையைச் சுற்றி. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். அவசரத்தில் கண்ணளவில் ஒட்டினால், இடது பக்கத்து முனையும் வலது பக்கத்து முனையும் ஒரே உயரத்தில் இருக்காது. இல்லாத ஏற்றத்தாழ்வு ஒன்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

குறி வைத்த இடத்தில் முடியை வகிடெடுத்து, சொரசொரப்பான ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து நாலைந்து தேய்ப்பு. மேல்தோலின் இறந்த செல்லும் பிசுக்கும் போகவேண்டும், தோல் சிவந்துவிடக் கூடாது. பிறகு கிண்ணம் போன்ற மின்முனையில் கடத்தும் பேஸ்ட்டை நிரப்பி அழுத்தவேண்டும். மெஷின் காட்டும் மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 10ஐத் தாண்டவே கூடாது. எல்லா முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது அதைவிட முக்கியம்.

எண்ணெய் கெடுப்பது இந்த இடத்தில்தான். தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு முனைக்கு அடியில் 3 கிலோஓம், எண்ணெய் தேங்கிய பக்கத்து முனைக்கு அடியில் 30 கிலோஓம் என்று ஆகிவிடும். ஈ.ஈ.ஜி. மெஷின் எப்போதும் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பெருக்கிக் காட்டுகிறது. சுவரில் ஓடும் ஒயர், டியூப்லைட், ஏ.சி. எல்லாவற்றிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு முனைக்கும் சமமாக வந்தால் கழித்தலில் அடிபட்டுப் போகும். தடை வேறுபட்டால் அடிபடாது. மிச்சம் தடித்த கறுப்புப் பட்டையாகத் திரையில் நிற்கும். உடனே அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு அதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றுவது மாதிரி. பட்டை மறையும், கெட்ட தொடர்பு அப்படியேதான் இருக்கும். முனையைக் கழற்றித் துடைத்து மறுபடி வைப்பதுதான் வழி.

எண்ணெயில் பேஸ்ட் பிடிக்காமல் வழுக்குகிறது என்று இரண்டு மடங்கு அப்பினால் இன்னொரு சிக்கல். இரண்டு முனைகளின் பேஸ்ட் ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்துவிடும். வித்தியாசமே இல்லாததால் அந்தச் சேனல் கோடு போட்டது போலத் தட்டையாகிவிடும். அதைப் பார்த்து ‘இந்தப் பகுதியில் மூளைச் செயல்பாடு குறைவு’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த எதிரி நம் ஊர் வியர்வை. மே மாதத்தில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் ஏ.சி. ஓடாத பத்து நிமிஷம் போதும். வியர்வையின் உப்பு மின்முனையின் உலோகத்தோடு சேர்ந்து தானும் ஒரு பேட்டரியாகிவிடும். இரண்டு செகண்டுக்கு ஒன்று, அதற்கும் மெதுவாக, கோடுகள் எல்லாம் கடலலை போல ஏறி இறங்கும். மூளை பாதிப்பில் வரும் மெதுவான டெல்டா அலையாக இதைத் தப்பாகப் படிக்க வாய்ப்பு உண்டு. மெதுவான அலைகளை வெட்டும் ஃபில்டரை ஏற்றினால் வியர்வையோடு உண்மையான டெல்டாவும் போய்விடும். நெற்றியைத் துடைத்து, அறையைக் குளிரவைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கண் சிமிட்டலும் பெரிய அலைதான். கண்ணின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நேர்மின். இமை மூடும்போது விழி மேலே உருளும், நெற்றி முனைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் புகுந்து, இரண்டு பக்கமும் கோடுகள் முள்வேலி மாதிரி ஆகிவிடும். “ரிலாக்ஸா இருங்க, வாயை லேசா திறந்து வைங்க” என்று அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

பதிவு குறைந்தது 20 நிமிஷம். ஒட்டுவதையும் கழற்றுவதையும் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் மூன்று நிமிஷம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொல்வார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். வகுப்பில் பத்து செகண்ட் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை ரொம்ப உதவும். ‘கவனம் இல்லை’ என்று திட்டு வாங்கும் அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ஸ் வகை வலிப்பு இருந்தால், மூச்சு வாங்கும்போதே செகண்டுக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனையும் அலையும் ஜோடியாக வந்துவிடும். சின்னக் குழந்தைக்கு “மூச்சு விடு” என்றால் புரியாது. மெரினாவில் விற்கும் காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னால் வேலை முடிந்தது. சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை கூடாது; முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு கண்முன்னே மின்னும் விளக்கு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் செகண்டுக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியதில், 600க்கும் அதிகமானவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பொதுவாக மூளை இப்படி மின்னும் வெளிச்சத்துக்குத் தாளம் போடும். சிலருடையது தாளத்தை விட்டு ஓடிவிடும். அதைத்தான் இங்கே கட்டுப்பாட்டோடு பார்க்கிறார்கள்.

தூக்கம் கெடுத்து வரச் சொல்லியிருந்தால், பெரியவர்கள் பொதுவாக இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வரவேண்டும். காபி வேண்டாம். வயிறு காயவும் வேண்டாம், சர்க்கரை குறைந்தால் அலைகளே மெதுவாகிவிடும். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வண்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, கூட ஒருவர் வரட்டும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ‘டெஸ்ட்டுக்கு மருந்து இல்லாமல் போனால் நல்லாத் தெரியும்’ என்று யாராவது சொல்லி நிறுத்திவிட்டு, போகிற வழியிலேயே வலிப்பு வந்து விழுவது உண்டு.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் ஈ.ஈ.ஜி.யில் அடையாளம் சிக்குவது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். வலிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் வாய்ப்பு கூடும். மறுபக்கமும் உண்டு: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது வரும் கூர்மையான, ஆனால் முழுக்க இயல்பான அலைகளை வலிப்பு என்று படித்து, வருஷக்கணக்கில் மாத்திரை கொடுக்கப்படுவது. இரண்டில் எனக்கு அதிகப் பயம் பின்னதில்தான். நடந்ததை நேரில் பார்த்தவர் செல்போனில் எடுத்த ஒரு நிமிஷ வீடியோ, பல நேரங்களில் இருபது நிமிஷ ஈ.ஈ.ஜி.யைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். 1950இல் சென்னை சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது உலகில் எங்குமே சி.டி. ஸ்கேன் கிடையாது, முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில். மூளைக் கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிக்க, ஓரிடத்தில் மட்டும் மந்தமாகும் அலையும் அப்போது ஒரு தடயம். இன்று கட்டியின் இடம் காட்ட ஈ.ஈ.ஜி. தேவையில்லை, ஸ்கேன் இருக்கிறது. கிண்டியில் ஐ.ஐ.டி. வளாகத்தில், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களோடு ‘தரணி’ என்ற வரைபடத்தை 2024இல் வெளியிட்டார்கள். செல் செல்லாகப் பார்க்கலாம். ஆனால் அது உயிரற்ற திசு. நேரம் அங்கே நின்றுவிட்டது. மில்லிசெகண்ட் கணக்கில் என்ன நடக்கிறது என்று கேட்க, வலிப்பு என்ற நேர சம்பந்தமான கோளாற்றுக்கு, இன்னும் இந்தப் பேஸ்ட்டும் ஒயரும்தான்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது பற்றி: பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகிறது, பேர் இரும்புக்குப் போகிறது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

டெஸ்ட் முடிந்ததும் பேஸ்ட்டைச் சீப்பால் இழுக்கவேண்டாம், முடிதான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிஷம் ஊறவிட்டால் அதுவே கரையும். பிறகு ஒரு ஷாம்பு. தலை காய்ந்ததும் தாராளமாக எண்ணெய் வைத்துக்கொள்ளலாம்.