கேபின் மாமாவும் ஒன்பது நாள் சுண்டலும்

எங்கள் கட்டடத்து கேபின் மாமா எழுபது வயதுக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் என்ற, வெப் பேஜை இயக்கும் கம்ப்யூட்டர் பாஷை படிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் சுண்டல்.

மும்பை செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்று விங். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நவராத்திரி வந்தால் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் கூடி, கொலு பார்த்து, பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு கலைவது வழக்கம். யார் வீடு, எத்தனை மணிக்கு, என்ன சுண்டல் என்பதெல்லாம் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடும். "இன்னைக்கு யாராத்துல?" என்று ஒருவர் கேட்டால் பதில் வருவதற்குள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், அம்மன் படங்கள், யாரோ தவறிப்போய் அனுப்பிய மின்சாரக் கட்டண ரசீது எல்லாம் வந்து போயிருக்கும். மாமி ஒவ்வொரு தடவையும் போனை மாமாவிடம் நீட்டி, "கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கோ, காராமணியா, பட்டாணியா?" என்பார். போன வருஷம் மாமாவுக்கு அலுத்தே போய்விட்டது.

"ஒரே ஒரு பேஜ். மேலே ஒன்பது லிங்க். எந்த நாளைத் தொடறாளோ அந்த நாள் மட்டும் தெரியணும், மத்ததெல்லாம் மறைஞ்சிருக்கணும். அவ்வளவுதானேடா?" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் இன்சூரன்ஸ் க்ளெய்ம் கணக்குப் போடும் மென்பொருளில் வேலை பார்ப்பவன். ஆனால் கட்டடத்தில் லேப்டாப் பையோடு போய் வருகிறவன் எவனானாலும் அவனுக்கு வைஃபை, பிரின்டர், ஆதார் அப்டேட், டிவி ரிமோட் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. சரி, உட்காருங்கோ என்றேன். அவர் உட்காரவில்லை. "நீ பண்ண வேண்டாம். நான் பண்றேன். நீ இன்ஸ்பெக்ஷன் மட்டும் பண்ணு."

மாமா மத்திய ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி கேபினில், லீவர் இழுத்து சிக்னல் கொடுத்த காலம். பெயர் அப்படி வந்ததுதான். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் தேதி நம்ம ஹார்பர் லைனில், விடி என்ற விக்டோரியா டெர்மினஸில் இருந்து குர்லாவுக்குத்தான் ஓடியது என்பதை லிஃப்டில் மாட்டுகிற எல்லோருக்கும் சொல்வார். அந்த மாதிரி ஆளுக்கு ஜாவாஸ்கிரிப்டின் வரலாறும் கிடைத்துவிட்டது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார் என்று எங்கோ படித்துவிட்டு மாமா சொன்னது: "நவராத்திரியும் தசமியும் சேர்ந்தா பத்து நாள்தானே. அவன் பாஷையையே பண்ணிட்டான், நான் ஒரு பேஜ் பண்ண மாட்டேனா?"

ஸ்கிரிப்டே வேண்டாம் மாமா, பேஜின் எலும்புக்கூடான ஹெச்டிஎம்எல்லிலேயே டீடெயில்ஸ், சம்மரி என்று இரண்டு டேக் இருக்கிறது, தொட்டால் விரியும், மறுபடி தொட்டால் சுருங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "லீவர் இல்லாத கேபினா?" என்று தள்ளிவிட்டார்.

முதல் பேஜ் இரண்டு நாளில் வந்தது. முதல் நாளைத் தொட்டால் முதல் நாள் வந்தது. இரண்டாம் நாளைத் தொட்டால் இரண்டாம் நாளும் வந்தது. முதல் நாளும் போகவில்லை. மாமி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக, கடைசியில் ஒன்பது வீடும் ஒன்பது சுண்டலும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. போதாததற்கு லிங்க் ஒவ்வொன்றிலும் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹாஷ் (#) குறி. வெறும் ஹாஷ் என்றால் பிரவுசர் பேஜின் உச்சிக்குப் போய்விடும். மாமி கீழே போய் ஏழாம் நாளைப் படிக்கலாம் என்று பார்த்தால், அடுத்த தொடலில் திரும்ப மேலே. "இதென்ன, படியேறி இறங்கற மாதிரின்னா இருக்கு" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார். லிங்க்கின் வழக்கமான வேலையைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த ஓட்டம் நின்றது.

மறைப்பதுதான் பெரிய வேலை. ஒன்றைக் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டும். மற்றதை மறைக்க வேண்டும் என்பது அதற்குத் தானாகத் தோன்றாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் முதலில் ஒன்பது பகுதியையும் மறை, பிறகு கேட்ட ஒன்றை மட்டும் எடு என்று எழுத வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று நான் பேப்பரில் கட்டம் போட ஆரம்பித்தபோதே மாமா என் கையில் இருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்டர்லாக்கிங்னு சொல்லித் தொலையேன்டா!"

கேபினில் ஒரு வண்டிக்கு வழி கொடுக்க லீவரை இழுக்க வேண்டுமென்றால், அந்தத் தடத்துக்குக் குறுக்கே வரக்கூடிய மற்ற சிக்னல்கள் எல்லாம் முதலில் நில் என்ற நிலையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பலம் போட்டாலும் லீவர் அசையாது, அடியில் இருக்கும் பூட்டு விடாது. "எல்லாத்தையும் டேஞ்சர்ல போடு. அப்புறம் ஒண்ணே ஒண்ணை இறக்கு. முப்பது வருஷம் இதைத்தான் பண்ணினேன்" என்றவர் அன்று ராத்திரியே ஒவ்வொன்றுக்கும் இதையே செய் என்று சொல்லும் ஃபார் ஈச் போட்டு ஒன்பதையும் சுற்றி வந்துவிட்டார். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதே விஷயத்தைப் புரியவைக்க அரை நாள் ஆகும்.

இடையில், பகுதியை இடத்தோடு எடுத்துவிடும் டிஸ்ப்ளே நன் என்பதற்குப் பதிலாக விசிபிலிட்டி ஹிடன் என்று போட்டு ஒரு கூத்து. அது ஆளை மறைக்குமே தவிர இடத்தைக் காலி செய்யாது. ஏழாம் நாளைத் தொட்டால் ஆறு நாள் அளவுக்கு வெள்ளையாகக் கிடக்கும், அதைத் தாண்டி அடியில் போய்த்தான் சுண்டல். மாமி பாதி வழியில் போனை வைத்துவிட்டு வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிட்டார். டிஸ்ப்ளே நன் போட்டதும் சரியானது.

மகாளய அமாவாசை அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஹார்பர் லைனில் வந்துகொண்டிருக்கிறேன். வடாலாவில் ஏறிய கூட்டத்தில் என் ஒரு கை மேலே, ஒரு கை காதோரம். மாமா போன். ஸ்டைலை ஒவ்வொன்றாக மாற்றாமல், ஸ்டைலுக்கு ஒரு பெயர் கொடுக்கும் கிளாஸ் வைத்து எழுது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதை எழுதிவிட்டாராம், நாளைக்கு முதல் நாள், இப்போதே சரிபார்க்க வேண்டுமாம்.

"முதல்ல எல்லாத்தையும் மறைச்சுடுங்கோ மாமா."

"மறைச்சாச்சு."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"இப்போ முதலாவதை மட்டும் வெளியில எடுங்கோ. மத்தது எதுவும் வெளியில தெரியக் கூடாது."

எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கழுத்தை மெல்ல நீட்டி, சுத்தத் தமிழில், ரகசியக் குரலில் கேட்டார்: "என்ன சார், ரெய்டா?"

நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேனோ, அவர் மரியாதையாக ஒரு அடி விலகி நின்றார். சென்ட்ரல் மும்பை கூட்டத்தில் ஒரு அடி என்பது சாதாரண விஷயமில்லை.

"முதல் நாளுக்கு ஆன் கிளாஸ் போடுங்கோ" என்றேன்.

"போட்டேன். போயிடுத்து."

"என்ன போயிடுத்து?"

"முதல் நாள்."

"சரி, மத்த எட்டுக்கும் ஆஃப்தானே இருக்கு?"

"ஆமாம், எட்டும் ஜம்முனு தெரியறது."

சூனாபட்டி தாண்டியும் எனக்குப் பிடிபடவில்லை. குர்லாவில் கூட்டம் அலை அடித்து இறங்கிய பிறகு கிடைத்த காற்றில்தான் விஷயம் உறைத்தது. ரயில்வேயில் சிக்னல் ஆன் என்றால் சிவப்பு, வண்டி நிற்க வேண்டும். ஆஃப் பண்ணினால்தான் போகலாம். மாமா அந்தக் கணக்கில் ஆன் என்ற கிளாசுக்கு டிஸ்ப்ளே நன், ஆஃப் என்ற கிளாசுக்குக் காட்டச் சொல்லும் டிஸ்ப்ளே பிளாக் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியது ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"மாமா, உலகத்துல எல்லாரும் ஆன்னா தெரியறதுன்னு வெப்பா."

"உலகத்துல எல்லாரும் கேபின்ல உட்கார்ந்தாளா?"

மாற்றவில்லை. அவர் பேஜ், அவர் சிக்னல். இன்றுவரை அந்த ஃபைலைத் திறந்தால் எனக்கு இரண்டு நிமிஷம் தலை சுற்றும்.

மூன்று நாள் அமர்க்களமாக ஓடியது. நாலாம் நாளுக்கு மாமி தன் குரலில் ஒரு பாட்டைப் பதிவுசெய்து சேர்க்கச் சொன்னார். அதில் பிளே தட்டிவிட்டு ஐந்தாம் நாளுக்குப் போனால் நாலாம் நாள் மறைந்தது, பாட்டு நிற்கவில்லை. டிஸ்ப்ளே நன் கண்ணுக்கு மட்டும்தான், ஆடியோ தன் பாட்டுக்கு ஓடும். பக்கத்துக் காம்பவுண்டில் கர்பா ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததையும் மீறிக் கேட்டது. "மறைச்சு வெச்சாலும் பாடிண்டேதான் இருக்கா" என்று மாமா என்னிடம் கண் சிமிட்டினார். பின்னால் மாமி நின்றதை அவர் பார்க்கவில்லை. மறைப்பதற்கு முன்னால் பாட்டை நிறுத்த ஒரு வரி சேர்த்தோம். அன்று ராத்திரி மாமாவுக்கு மோர் சாதம் மட்டும்.

ஆறாம் நாள்தான் விபத்து. அன்றைய முறை ஏ விங் தரைத்தளத்தில் இருக்கும் திருநெல்வேலி அக்கா வீட்டில். அந்த அக்கா எதைச் செய்தாலும் கல்யாணத்துக்குச் செய்வது போலச் செய்கிறவர். பெரிய தவலை நிறைய மொச்சைச் சுண்டல், தேங்காய்ப் பூ தூவி, வாசலில் கோலம் போட்டு, ஆறரை மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணி வரை ஒரு ஈ காக்கை இல்லை.

கூட்டம் முழுக்க மூன்றாம் மாடி பாலக்காட்டு மாமி வீட்டில். முந்தின நாள்தான் அவர் வீட்டில் நடந்து முடிந்திருந்தது. மிச்சச் சுண்டல்கூட மதியமே தீர்ந்துவிட்டது. நைட்டியோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்தால் பட்டுப்புடவையில் வரிசையாகப் பெண்கள். நேற்று இங்கேதானே வந்தோம் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? தோன்றியிருக்கிறது. கேட்டதற்கு, "ரெண்டு நாள் வெச்சுக்கறாளோ என்னமோன்னு நினைச்சோம். பேஜ்ல போட்டிருந்ததே. மாமா ரயில்வேக்காரர், தப்பாவா போடுவார்?" என்றார்கள். பாலக்காட்டு மாமியும் சளைத்தவரில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் எல்லோரையும் உட்காரவைத்து, டப்பாவில் இருந்த நேந்திரங்காய் வறுவலைத் தட்டில் கொட்டிப் பாடச் சொல்லிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமா லேப்டாப்போடு வாசலில். பார்த்தேன். ஐந்தாம் நாளின் லிங்க்கையும் பகுதியையும் அப்படியே காப்பி செய்து ஆறாம் நாளுக்கு ஒட்டியிருக்கிறார். வீடு, சுண்டல் எல்லாம் மாற்றியவர் பகுதியின் அடையாளப் பெயரான ஐடியை மாற்றவில்லை. ஒரே பேஜில் ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால், ஐடியைச் சொல்லித் தேடும்போது முதலில் வருவதுதான் கிடைக்கும். ஆகவே ஆறைத் தொட்டால் ஐந்து. பகுதிக்குள் தலைப்பும் கிடையாது, மேலே லிங்க்கில்தான் நாள் போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

மாமா முகம் வெளுத்தது. "ஒரே நம்பர்ல ரெண்டு சிக்னலா? எங்க காலத்துல என்கொயரி கமிட்டி போட்டிருப்பான்டா."

கமிட்டி இல்லாமலே தீர்ப்பு வந்தது. திருநெல்வேலி அக்கா தவலையைத் தூக்கிக்கொண்டு மூன்று விங்கிலும் வீடு வீடாக ஏறி, ஆளுக்கு இரண்டு கரண்டி போட்டுவிட்டு, மாமா வீட்டு வாசலில் மட்டும், "மாமாவுக்கு வேண்டாம்லா, அவுக ஐஞ்சாம் நாளே சாப்பிட்டிருப்பாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிகாரமாக ஒன்பதாம் நாள் தாம்பூலத்தோடு எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா கொடுப்பதாக மாமி முடிவு செய்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் போய் மொத்தமாக வாங்கியாகிவிட்டது. ரகசியம். சரஸ்வதி பூஜை சாயங்காலம் பேஜில் திடீரென்று தெரிய வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. மெனுவில் லிங்க் இல்லாமல் ஒரு பத்தாவது பகுதியை எழுதி, ஆன் கிளாஸ் போட்டு, நேரம் வந்தால் ஆஃப் பண்ணலாம் என்று பேஜிலேயே ஏற்றி வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கும் ரகசியமாம்.

பி விங்கில் கம்ப்யூட்டர் படிக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் ரைட் கிளிக் செய்து, பேஜுக்கு எழுதினதை அப்படியே காட்டும் வியூ பேஜ் சோர்ஸ் தட்டியிருக்கிறாள். டிஸ்ப்ளே நன் போட்டால் திரையில்தான் வராது, எழுதினது எழுதினபடி எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் வந்து இறங்கிவிடும். டப்பாவின் விலை, பேரம் பேசிக் குறைத்த தொகை, "மூணாம் மாடிக்கும் ஏ விங் அக்காவுக்கும் பெரிய சைஸ்" என்று மாமா தனக்காகப் போட்டுவைத்த குறிப்பு, எல்லாம் எட்டாம் நாள் காலை காபிக்குள் வாட்ஸ்அப்பில்.

ஒன்பதாம் நாள் மாமி வீட்டில் கால் வைக்க இடமில்லை. பாட்டு முடிந்தது, ஆரத்தி முடிந்தது, மாமி வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு டப்பாவை ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே வந்தார். பெரிய சைஸ் கடைக்காரர் கடைசி நேரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டதால் எல்லாம் ஒரே அளவு. திருநெல்வேலி அக்கா வாங்கிக்கொண்டார், டப்பாவைத் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்.

"மாமி, சோர்ஸ்ல எனக்குப் பெருசுன்னுல்லா போட்டிருந்திச்சு?"

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா மூலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அது பழைய டைம்டேபிள்மா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்கு நகர்ந்தார்.