பூசாமல் விட்ட வெண்பனி

மார்கழி விடுமுறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒன்பது பிள்ளைகள் கூடி நீர்வர்ண ஓவியம் பழகுகிறார்கள். மூத்தவனுக்கு 11 வயது, இளையவளுக்கு 7. இம்முறை எதை வரையலாம் என்று நான் யோசிப்பதற்கு முன்னரே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். இளையவளின் பெரியம்மா ரொறன்ரோவில் இருக்கிறார். வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்த வெண்பனியை அவர் தொலைபேசியில் காட்ட, அதை இவள் வகுப்பில் வந்து விவரிக்க, ஒன்பது பேரும் அதையே வரைய வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். முதற் கேள்வியும் அவளிடமிருந்துதான் வந்தது.

"ரீச்சர், சினோவுக்கு என்ன நிறம் பூசுறது?"

நீர்வர்ணம் ஒளியைத் தன்னூடே போகவிடுவது. ஒளி அந்த மெல்லிய வர்ணப் படையைக் கடந்து, தாளில் பட்டுத் திரும்பி வந்தே நம் கண்ணை அடைகிறது. ஆகவே நீர்வர்ண ஓவியத்தில் எல்லாவற்றிலும் வெளிச்சமானது வர்ணம் படாத தாள்தான். போஸ்டர் வர்ணம் என்றால் கடைசியில் வெள்ளையை மேலே அப்பிவிடலாம். இங்கே வெள்ளை எங்கே வேண்டும் என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்னரே தீர்மானித்து, அந்த இடத்தைக் கடைசிவரை காத்துக்கொள்ள வேண்டும். வெண்பனிக்கு நிறம் பூசுவதில்லை, அதைச் சுற்றியுள்ளவற்றுக்கே நிறம் பூசுவோம் என்று நான் சொன்னபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் நம்பாததற்குக் காரணம் உண்டு. தாளில் வெள்ளை தெரிந்தால் படம் முடியவில்லை என்றே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. போட்டிக்குப் போகும் சித்திரம் என்றால் மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஆழமாகப் பதிந்துவிட்டது. இது எனக்கு நெடுநாளாக மனவருத்தம் தரும் விடயம். ஏழு வயதுப் பிள்ளை விரல் நோக நோகப் பஸ்டலைத் தேய்த்து வானத்தை நிரப்பும்போது, அந்தப் பிள்ளை வானத்தைப் பார்ப்பதை நிறுத்தி நெடுநேரம் ஆகியிருக்கும். இந்த வெண்பனி ஓவியத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டதற்கு, அந்தப் பழக்கத்தை அது தானாகவே தளர்த்திவிடும் என்ற நம்பிக்கையே முதற் காரணம்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதாரணச் சித்திரக் கொப்பியின் தாள் நீர் பட்டதும் நெளிந்துவிடும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள நீர்வர்ணத் தாள் வேண்டும். விலை கூடியதாகையால் பெரிய தாளை நான்காக வெட்டிக்கொண்டோம். வர்ணங்கள் மூன்றே மூன்று: அல்ட்ராமரீன் நீலம், பிரஷ்யன் நீலம், பேர்ண்ட் சியென்னா என்ற செம்மண் நிறம். அல்ட்ராமரீனையும் செம்மண் நிறத்தையும் கலந்தால் சாம்பலின் எல்லா வகைகளும் கிடைக்கும் என்பதால் கறுப்பை நான் மேசைக்கே கொண்டுவரவில்லை.

ஒருபோதும் காணாத ஒன்றை எப்படி வரைவது என்பதுதான் அடுத்த தடை. நத்தார் காலத்துப் பாலன் குடிலின் கூரையில் ஒட்டியிருக்கும் பஞ்சுதான் இவர்கள் அறிந்த வெண்பனி. முதல் நாள் வரைந்த எல்லாப் படங்களிலும் மரங்களின்மேல் பஞ்சு உருண்டைகளே இருந்தன. அப்போது எனக்கு மணற்காடு நினைவுக்கு வந்தது. வடமராட்சி கிழக்கில் காற்றுக் குவித்த வெண்மணல் மேடுகளையும், மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களையும், பக்கத்துச் சவுக்கங்காட்டையும் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறார்கள். ஆவணியில் அங்கு எடுத்த படங்களை விரித்து வைத்தேன். காற்று வரும் பக்கம் சரிவு மெல்ல ஏறுவதையும், மறுபக்கம் சட்டென்று செங்குத்தாக விழுவதையும், இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி தீட்டியதுபோல் இருப்பதையும் அவர்களே கண்டு சொன்னார்கள். காற்றடித்துக் குவிக்கும் வெண்பனியும் பெரும்பாலும் இந்த உருவத்தைத்தான் எடுக்கும். சுவரில் பாதி மணல் ஏறியிருப்பதைக் காட்டி, "இது சினோ ஏறின வீடு மாதிரித்தானே" என்று ஒருவன் சொன்ன பிறகு பஞ்சு உருண்டைகள் மறைந்துபோயின. தூரத்துச் சவுக்குகள் எவரும் சொல்லாமலே குளிர்நாட்டு ஊசியிலை மரங்களாகின.

அந்தப் படங்களில் அவர்கள் கண்ட இன்னொன்று நிழல். வெள்ளை மணல்மேட்டின் நிழலைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டத் தொடங்கியவர்களை நிறுத்தி, கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியின் மடிப்புகளைப் பார்க்கச் சொன்னேன். வெயில் நேராகப் படாத மடிப்பில் வானத்தின் ஒளி படுகிறது, அதனால் அந்த நிழல் நீலம் கலந்தே தெரிகிறது. வெண்பனியிலும் அப்படித்தானா என்று கேட்டுச் சொல்லும்படி இளையவளிடம் கூறினேன். அவளுடைய பெரியம்மாவின் மகன் வெயில் எறித்த ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் போய், தன் நிழலையே படமெடுத்து அனுப்பியிருந்தான். நீலம், சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம். நான் பத்து முறை விளக்கியிருந்தாலும் அந்த ஒரு படம் செய்ததைச் செய்திருக்க முடியாது. அதன்பின் அல்ட்ராமரீனை மிகவும் ஐதாக்கி நிழல்களை மட்டும் தீட்டினார்கள். தாளின் வெறுமை அந்த நிழல்களுக்கு நடுவே மேடாக எழுந்து நின்றது.

விழும் பனித்துகள்களுக்கு மெழுகுதிரியைப் பயன்படுத்தினோம். வெள்ளை மெழுகால் தாளில் கீறிவிட்டு மேலே வர்ணத்தை ஓடவிட்டால், மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் விலகிப்போகும். பிள்ளைகள் கீறிய துகள்களில் பாதிக்கு எட்டுக் கைகள். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயியைப் பற்றி அப்போது அவர்களுக்குச் சொன்னேன். நுணுக்குக்காட்டியோடு படப்பெட்டியை இணைத்து 1885 இல் தன் முதலாவது பனித்துகளைப் படம்பிடித்தவர் அவர். 1931 இல் இறக்கும்வரை 5,000 க்கும் மேற்பட்ட துகள்களைப் பதிவுசெய்தார். நீரின் மூலக்கூறுகள் உறையும்போது ஆறு பக்க ஒழுங்கில் கோர்த்துக்கொள்வதால் துகளுக்கும் ஆறு கைகளே முளைக்கின்றன. ஒரு துகள் உருகுவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் படமெடுத்திருப்பார் என்று மூத்தவன் சொன்னான். அடுத்த தாளில் அவன் கீறிய ஒவ்வொரு துகளுக்கும் கைகளை எண்ணி எண்ணிப் போட்டதைப் பார்த்தேன்.

உப்பு வேலைக்குத்தான் எங்களுக்கு அதிக நாட்கள் பிடித்தன. ஈரமான வர்ணத்தில் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுக்கும்போது வர்ணம் இடம் மாறி, வெளிறிய பூப்போன்ற அடையாளம் எஞ்சும். பனி பொழியும் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் மார்கழி மழைக்காலத்து யாழ்ப்பாணத்தில் உப்பே ஈரமாக இருக்கிறது. முதல் நாள் தூவிய உப்பு தாளிலேயே கரைந்து, படம் முழுவதும் மங்கலான கறைகளாகப் போனது. இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அன்றிரவு கல்லுப்பைச் சட்டியில் போட்டு, வெடிக்கும் ஓசை அடங்கும்வரை வறுத்து, ஆறவைத்துப் போத்தலில் இறுக மூடிவைத்தேன். மறுநாள் அது வேலை செய்தது.

எனினும் உப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, நேரம் தவறக்கூடாது. தாளில் நீர் குளம்போல் நிற்கும்போது தூவினால் உப்புக் கரைந்துவிடும், காய்ந்தபின் தூவினால் ஒன்றும் நிகழாது. தாளைக் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் ஒரு மினுக்கம் தெரியும். அந்த மினுக்கம் மங்கத் தொடங்கும் கணமே தூவ வேண்டிய கணம். பிள்ளைகள் தாளைச் சரித்து, ஒரு கண்ணை மூடி, அந்தக் கணத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் விறாந்தையில் பேச்சே இல்லை. தூளுப்பு சிறு புள்ளிகளையும் கல்லுப்பு பெரிய பூக்களையும் தந்ததால், தூரத்துப் பனிக்குத் தூளுப்பு, கிட்டப் பனிக்குக் கல்லுப்பு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நன்றாக உலர்ந்தபின் உப்பை ஒரு கல்கூட விடாமல் தட்டி அகற்ற வேண்டும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுக்குமாதலால், விடுபட்ட உப்பு தாளை நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த ஓவியங்கள் முடிந்த கையோடு இன்னொன்று செய்யாவிட்டால் வேலை அரைகுறையாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நமக்கும் பனிக்காலம் உண்டு. தமிழ்ப் பருவங்கள் ஆறில் இரண்டுக்குப் பனியின் பெயரே இருக்கிறது, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இங்கே விடியற்காலை வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே பிள்ளைகளின் தலையில் துணியைக் கட்டி, "பனிக்குள்ளே நிக்காதே" என்று அம்மம்மாமார் சத்தம் போடுகிறார்கள். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க விடியமுன் எழுந்த நினைவு என் வயதுக்காரர் எல்லோருக்கும் இருக்கும். அந்தக் குளிரை வரையாமல் ரொறன்ரோவின் குளிரை மட்டும் வரைந்து கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மழை ஓய்ந்து, இரவு வானம் தெளிந்திருந்த ஒரு நாளின் மறுகாலையில், பெற்றோர் சிலரும் கூட வர, வல்லை வெளிக்குப் போனோம். தெளிந்த இரவில் ஈரநிலம் விரைவாகக் குளிர, அதையொட்டிய காற்றின் ஈரம் புகாராக எழும்பும். ஆறரை மணிக்கு முதல் வரிசைப் பனைகள் கருஞ்சாம்பலாகவும், அடுத்தவை ஐதாகவும், அதற்கு அப்பால் இருந்தவை இருக்கின்றனவா இல்லையா என்று ஐயுறும்படியும் நின்றன. அதை வீட்டுக்கு வந்து வரைந்தோம். தாள் முழுவதையும் நனைத்து, தூரத்துப் பனைகளை ஈரத்திலேயே ஒற்றி, அவை கசிந்து பரவ விட்டுவிட வேண்டும். தாள் ஓரளவு உலர்ந்தபின் நடுவிலுள்ளவை, முழுதும் உலர்ந்தபின் கிட்ட நிற்கும் ஒன்றோ இரண்டோ. அடிமரம் புகாரில் மறையும் இடத்தில் பழைய பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும். என் கருத்தில் இது வெண்பனி ஓவியத்தைவிடக் கடினமானது. வெண்பனிக்கு விளிம்பு உண்டு, புகாருக்கு அதுவும் இல்லை.

இளையவள் அன்று வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் உலர்ந்த தாளின்மேல் குனிந்திருந்தாள். தாளில் ஒன்றும் தெரியாததால் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி, நான் நீரைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் சாம்பல் நீலத்தைக் குழைத்து, தூரிகையைத் தாளின் குறுக்கே ஒருமுறை இழுத்தாள். பனைகளுக்குக் கீழே, வயல்நீர் இருக்க வேண்டிய இடத்தில், நீர் இரண்டாகப் பிரிந்து ஓட, நீண்ட கழுத்தும் ஒற்றைக் காலுமாக ஒரு கொக்கு வெள்ளையாக நின்றது. மெழுகுதிரித் துண்டு அவளுடைய இடது கைக்குள் இருந்தது.