சுருளை விட்டு வளையங்களுக்கு வந்த கதை

டர்பனில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) எலக்ட்ரான் கற்றையால் பெருக்கும் உயர்திறன் வெற்றிடக் குழாய் ஒன்று இருக்கிறது. அந்தக் கற்றை விரிந்து சிதறாமல் பிடித்துவைக்கும் காந்தச் சுருள், 60 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் மாதம் 900 யூனிட். குளிர்விக்கும் தண்ணீரும் பம்பும் தனி. கற்றை ஓடும்போது சுருளுக்கு மின்சாரம் நின்றால் செப்புச் சுவரே உருகிவிடும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த ஆண்டுகளில் இந்தப் பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் அடுத்த சோதனைக் குழாய்க்கு மின்சாரமே வேண்டாத நிலைக்காந்த வளையங்கள் போதும் என்று முடிவெடுத்தோம். கற்றையைக் குவிக்கும் விசை காந்தப்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. திசை மாறினாலும் குவிப்பு மாறாது. ஆகவே வளையங்களை வடக்கு, தெற்கு என மாற்றி மாற்றி அடுக்கலாம். முழு நீளமும் ஒரே திசையில் வைப்பதைவிட, பத்து முறை திசை மாறினால் காந்தத்தின் எடை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். செலவு குறைவதன் சூட்சுமம் இதுதான்.

விலை மலிவு என்று முதலில் நியோடிமியம் காந்தங்களை வாங்கினேன். தவறு. குழாய் சூடேறச் சூடேறப் புலம் இறங்கியது. முலாம் உரிந்த இடங்களில் கடற்காற்று துருவை ஏற்றியது. பிறகு சமாரியம்-கோபால்ட் காந்தங்களுக்கு மாறினேன். விலை கூடுதல்தான், ஆனால் 250 டிகிரியிலும் தாங்கும்.

வளையங்கள் வந்தபோது ஒன்றுபோல் ஒன்று இல்லை. துல்லியமானவை கேட்டால் விலை எகிறியது. சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் எங்கள் லேத் அண்ணன் சொன்னார்: “தம்பி, பேரிங் குண்டுகளை நான் அளந்துதான் ஜோடி சேர்ப்பேன். இதற்கும் எண் போட்டுவிடுங்கள்.” ஒவ்வொன்றின் காந்தப்புலத்தையும் காஸ்மீட்டரில் அளந்து, எண் எழுதி, வலுவானதற்குப் பக்கத்தில் சற்று மெலிந்ததை வைத்தேன். மிச்சமிருந்த பிசகை மெல்லிய இரும்புத் துண்டுகளை ஒட்டிச் சரிசெய்தேன். மூன்று வாரம் பிடித்தது. பணம் உண்மையில் மிச்சமானது இந்த மூன்று வாரத்தில்தான். குழாயை உலையில் சுட்டு முடித்த பிறகே காந்தத்தை மாட்ட வேண்டும் என்பதால், ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு அரைவட்டங்களாகவே வாங்கியிருந்தோம். ஒன்றையொன்று தள்ளும் அவற்றை அண்ணன் பித்தளைப் பட்டையால் இறுக்கிக் கட்டினார்.

முதல் நாள் பயந்துபோய்க் குறைந்த மின்னழுத்தத்தில் ஆரம்பித்தேன். கற்றை பெரும்பாலும் சுவரிலேயே மோதியது. மாறும் புலத்தில் மெதுவான எலக்ட்ரான்கள் நிலைகொள்ளாமல் அலைந்து சிதறிவிடும். சுருளில் பழகிய எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் முழு மின்னழுத்தம் கொடுத்து, அதைத் தொடர்ந்து கொடுக்காமல், மிகக் குறுகிய துடிப்புகளாக நொடிக்கு ஒன்று வீதம் வைத்தேன். கற்றை சுவரில் மோதுவதால் வரும் சுவர் மின்னோட்டம் சட்டென்று இறங்கியது. அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

துடிப்பின் ஏறுமுகத்தில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும் கணத்தில் மட்டும் சுவர் மின்னோட்டத்தில் இன்னும் முள்போல ஒரு சிறு ஏற்றம் தெரிகிறது. துடிப்பு வேகமாக ஏறும்படி மின்மாற்றியை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம்.